மானியம் திரும்பி வரும் என்று எழுதியவன்

போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெல் அடித்தது. கதவைத் திறந்தால், கையில் ரெக்சின் பையோடு ஒருவர் நிற்கிறார்.

"மாடிய கொஞ்சம் பாத்துட்டு வந்துடட்டா சார்?"

என் மாடியைப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். கேபிள் டி.வி.க்காரரும் இப்படித்தான் கேட்டார். 'சும்மா பாத்துட்டுப் போறேன்' என்றார். மறுநாள் என் துணிக்கொடிக்குக் குறுக்கே பத்து வீட்டு ஒயர் ஓடியது. அதற்கப்புறம் என் மாடி எனக்கே சொந்தமா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

இந்தப் பேப்பரில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரரிடம் ஆரம்பித்து பட்ஜெட் வரைக்கும் எதையும் நம்புவதில்லை. அதை ஒரு தகுதியாகவே இத்தனை வருஷம் இங்கே விற்றுக்கொண்டிருக்கிறேன்.

வந்தவரை உற்றுப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. ஆரோக்கியராஜ். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் விவேக் நகர் வீட்டு மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டிய ஃபிட்டர். கோலார் தங்கவயல்காரர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று அப்போதே சொல்லியிருந்தார்.

"ஹீட்டர்ல ஒண்ணும் ரிப்பேர் இல்லையே. நாங்க கூப்பிடலையே?"

"தெரியும் சார். இந்தப் பக்கம் வந்தேன். கண்ணாடிய தொடச்சி விட்டுட்டுப் போலாம்னு."

"எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணும் வேணாம் சார்."

எனக்கு உடம்பெல்லாம் உஷாராகிவிட்டது. காசு கேட்பவனைச் சமாளித்துவிடலாம். ஒன்றும் வேண்டாம் என்பவனை எப்படிச் சமாளிப்பது? பேனலுக்குள் இருப்பது செம்புத் தகடு. செம்பு விற்கிற விலையில்... நான் அவர் பின்னாலேயே படியேறினேன்.

அவர் பையிலிருந்து துணியை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். குழாய் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். டேங்கைத் தட்டினார். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே ஏன் துடைக்கிறார்? என்னிடம் ஏதோ சொல்ல வந்திருக்கிறார், சொல்ல வாய் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. கடன் கேட்கப் போகிறார் என்று முடிவு செய்து, பதிலையும் தயார் செய்துகொண்டேன்.

அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

சோலார் ஹீட்டருக்கு அரசாங்கம் மானியம் கொடுத்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நாம் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளலாம். மிச்சத்தை அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் பேனல் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் அப்போது எத்தனை பேர் மாடியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பேனலின் தோளில் கை போட்டு நின்றார்கள்!

பக்கத்து வீட்டு ஃபிலோமினா அம்மாவும் ஒன்று மாட்டினார். அவர் வாங்கியது வேறு கம்பெனி. பேர் வேண்டாம், இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை.

ஆய்வுக்கு அதிகாரி வருகிற அன்று ஒரே மேகமூட்டம். தூறல் வேறு. சூரியன் என்ற ஆசாமி ஊரிலேயே இல்லை. ஆனாலும் அதிகாரி குளியலறைக் குழாயைத் திறந்தார், ஆவி பறந்தது. விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, "பிசி இதே, சாகு" என்றார். சூடாக இருக்கிறது, போதும் என்று கன்னடத்தில் சான்றிதழ். கையெழுத்துப் போட்டார், காப்பி குடித்தார், போய்விட்டார்.

எப்படி ஆவி பறந்தது? டேங்குக்குள் கரண்டில் தண்ணீர் காய்ச்சும் காயில் ஒன்று உண்டு — மழை நாளுக்காக வைப்பது. கம்பெனி ஆள் முதல் நாள் சாயங்காலமே வந்து அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஃபிலோமினா அம்மாவிடம், 'ஆபீசர் போறவரைக்கும் நிறுத்தாதீங்க' என்று சொல்லியும் இருக்கிறார். அந்த அம்மாவும் அப்படியே செய்தார். அதிகாரி குழாயைத்தான் பார்த்தார். மாடி ஏறிப் பார்க்கவில்லை. தூறலில் யார் ஏறுவார்கள்?

அதற்கப்புறம் அந்தப் பேனலிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வந்ததில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் மணி மட்டும் அடிக்கும். ஃபிலோமினா அம்மா இப்போது அதன் மேல்தான் மிளகாய் காயவைக்கிறார். "வெயில் நல்லா படுதுங்க" என்று சொல்கிறார்.

இதை ஃபிலோமினா அம்மா சொல்லக் கேட்ட பிறகு என் வீட்டு வெந்நீர் மேல் எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

என் வீட்டில் நன்றாகவே வெந்நீர் வந்தது. அதுதான் சந்தேகமே. இவ்வளவு நன்றாக எப்படி வரும்? சூரியன் பேரைச் சொல்லிக்கொண்டு கரண்ட்தான் காய்ச்சுகிறதோ? காயில் ஸ்விட்சை அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரியாமல் ரகசியமாக ஒரு ஒயர் போயிருந்தால்?

ஒரு நாள் காலையில் வீட்டு மெயின் ஃபியூஸையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மனைவியிடம், பவர் கட் என்று சொன்னேன். பெங்களூரில் பவர் கட் என்றால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. முதல் நாள் நம்பினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, ஃபிலோமினா வீட்ல டி.வி. பாடுது. நமக்கு மட்டும் எப்படி பவர் கட்?"

"அது வேற ஃபேஸ்."

"பால் திரிஞ்சி போச்சு. தோசை மாவு பொங்கி ஃப்ரிட்ஜ விட்டு வெளிய வருது. அந்த ஃபேஸ்காரன கூப்பிடுங்க."

மூன்றாம் நாள் காலை வரைக்கும் தாக்குப்பிடித்தேன். குழாயைத் திறந்தேன். கையைச் சுட்டது. இரண்டு நாளாக ஒரு பொட்டுக் கரண்ட் இல்லாத வீட்டில், கை வைக்க முடியாத வெந்நீர். ஆரோக்கியராஜ் மாட்டியது உண்மையிலேயே வேலை செய்தது.

ஃபியூஸைத் திரும்ப மாட்டினேன். விஷயத்தை அதோடு மறந்தேன்.

பிறகுதான் மானியத்தை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. புதிய பொருளாதாரக் கொள்கை, செலவுக் குறைப்பு — உர மானியத்திலிருந்து எல்லாவற்றிலும் கத்தி விழுந்த சமயம். சோலார் எந்த மூலைக்கு?

எனக்கு ஒரே கொண்டாட்டம். மூன்று மாதத்துக்கு முன் இதே பத்தியில் எழுதினேன். ஃபிலோமினா அம்மா வீட்டு வெந்நீரைப் பற்றி எழுதினேன். மிளகாயைப் பற்றி எழுதினேன். மானியத்துக்காக முளைத்த கம்பெனிகளைப் பற்றி நீட்டி முழக்கினேன். முடிக்கும்போது கை சும்மா இருக்கவில்லை. இப்படி முடித்தேன்:

'நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். நம்பாதீர்கள். கொடுத்துப் பழகிய கை நிற்காது. அடுத்த பட்ஜெட்டில் மானியம் திரும்பி வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சோலார் விற்க வருபவரிடம் கும்பிடு போட்டு, பொறுத்திருங்கள்.'

எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. டெல்லியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கொடுக்கிறேன் என்று அரசாங்கம் சொன்னால் நம்பாதவன், நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் மட்டும் நம்பிவிடுவேனா? அவ்வளவுதான் என் ஆதாரம்.

வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 'புட்டுப் புட்டு வைத்துவிட்டீர்கள்' என்று ஒருவர். நான் அதை மனைவியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

இப்போது மாடிக்கு வாருங்கள். ஆரோக்கியராஜ் துணியை மடித்துப் பையில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"நீங்கோ எழுதனீங்க இல்ல சார், மானியம் திரும்பி வரும்னு. அத்த வச்சிகினு எல்லாரும் பொறுத்துகினு இருக்காங்க சார். யாரும் வாங்க மாட்டேன்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரம் படுத்துவிட்டால் யார் தலையிலாவது போடத்தானே வேண்டும்? என் பத்தியைப் படித்துவிட்டு ஊரே குளிக்காமல் இருக்கிறதா? என் வீட்டிலேயே அதைப் படிக்க ஆள் கிடையாது.

"ஆரோக்கியராஜ், நீங்க கம்பெனி ஆள்தானே? கம்பெனி என்ன சொல்லுது?"

"கம்பெனி எங்க சார் இருக்கு? மானியம் நின்னதும் அவங்க வேற தொழிலுக்குப் போயிட்டாங்க. மானியம் வாங்கற லிஸ்ட்டுல அவங்க பேருதான் இருக்கும். நாங்க சின்ன ஆளு, லிஸ்ட்டுல வர முடியாது. சந்தாபுராவுல எங்க ஷெட்டுல செஞ்சி குடுப்போம், அவங்க லேபிள் ஒட்டிப்பாங்க. உங்க வீட்டுது நான் செஞ்சது சார்."

அதாவது என் மாடியில் இருப்பது ஒரு கம்பெனியின் பேர், இன்னொருவரின் வேலை. பேர் போய்விட்டது. வேலை செய்தவர் துணியோடு வந்து நிற்கிறார்.

நம்பலாமா? கதை நன்றாக இருந்தது. கதை நன்றாக இருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் சந்தாபுராவுக்குக் கிளம்பினேன். ஆடுகோடியில் ஓசூர் ரோடு பஸ் பிடித்தேன். சட்டைப் பையில் ஒரு காந்தம். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. தகரத்துக்கு வர்ணம் அடித்துச் செம்பு என்று விற்கிறார்களா என்று பார்த்துவிடலாம் அல்லவா? செம்பில் காந்தம் ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் படித்தது ஒரு நாளாவது உதவ வேண்டாமா?

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். வாசலில் இரண்டு பேர் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தது சோலார் இல்லை — ஜன்னல் கிரில்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். தொழில் படுத்துவிட்டது என்றவர் ஷெட் வாசலில் வேலை நடக்கிறதே?

ஆரோக்கியராஜ் ஓடி வந்தார். முகத்தில் ஆச்சரியம் இருந்தது, பயம் இல்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் கிரிலைக் காட்டினேன்.

"அதுவா சார்? பின்னாடி புதுசா வீடு கட்றாரு ஒருத்தர். அவர் மாடிக்கு ஹீட்டர் போட கேக்கத்தான் போனேன். 'கிரில் அடிக்க ஆள் இருக்கா? அத்த முதல்ல குடு, ஹீட்டர அடுத்த பட்ஜெட் பாத்துட்டு சொல்றேன்'னுட்டாரு. பசங்கள சும்னே ஒக்கார வைக்க முடியாதே சார்."

ஷெட்டின் உள்சுவரில் பேனல்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பதினைந்து இருபது இருக்கும். எல்லாம் முடிந்தவை. மேலே பிளாஸ்டிக் போர்த்தி, அதன் மேல் தூசி. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. முனிசாமி என்று ஒருவர், நரைத்த தலை, ஒரு பேனலின் குழாய்க்குள் காற்றடித்து, தொட்டியில் அமுக்கி வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. மறுபடியும் பார்த்தார்.

"ஆர்டர் இல்லாம இதை ஏன் டெஸ்ட் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"வச்ச எடத்துலயே சாலிடர் விட்டுகினு ஒழுகிச்சின்னா, கேக்கறப்போ குடுக்க ஆவாதே சார்" என்றார் முனிசாமி. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, நான் மெல்ல ஒரு தகட்டின் பக்கம் போய்க் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. அடுத்ததில் வைத்தேன். ஒட்டவில்லை. மூன்றாவதில் வைக்கும்போது பின்னால் ஆரோக்கியராஜின் குரல்.

"சின்னதா கீதே சார். எங்ககிட்ட பெரிய காந்தம் இருக்கு, தரட்டா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். செம்பு வாங்கும்போது அவர்கள் சோதிப்பது அதை வைத்துத்தானாம். அந்தக் காந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாலாவது தகட்டில் வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீ வந்தது. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். நாலு பேர் வேலை செய்கிறார்கள். நாலு பேரும் தங்கவயல்காரர்கள். பக்கத்தில் ஒரு ரூமில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார்கள்.

"ஆடி பொறந்துட்டா யாரும் புதுசா எதுவும் வாங்கமாட்டாங்க சார். மழையும் வந்துடும். அதுக்குள்ள ஆறு வீடு கெடச்சா ஷெட்டு நிக்கும். இல்லன்னா ஷெட்டுக்காரர்கிட்ட சாவிய குடுத்துட வேண்டியதுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா சார், ஊருக்குப் போவணும். அங்க போயி இன்னா பண்றது? சுரங்கத்துலயே ஆள கொறைச்சிகினு வராங்க. இவங்க வீட்ல எல்லாம் ஏற்கனவே ஒருத்தன் வேலையில்லாம ஒக்காந்திருக்கான்."

முனிசாமி தொட்டியிலிருந்து பேனலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மானியம் திரும்பி வந்தா உங்களுக்கும் நல்லதுதானே?" என்றேன். என்னுடைய கட்சியை நான் விடவில்லை.

"வந்தா நல்லதுதான் சார். வராதுன்னா அதுவும் பரவால்ல, வெலைய எப்படியாவது கொறச்சி விக்கலாம். வரும் வரும்னு நிக்கறாங்க பாருங்க... அதுக்கு மருந்தே இல்ல."

சாயங்காலம் அல்சூரில் ஒரு வீட்டுக்குப் போகிறேன், கூட வருகிறீர்களா என்று கேட்டார். ஆறில் அது ஒன்று. ஏறக்குறைய முடிந்த மாதிரிதானாம். அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, ஓசூர் ரோடு தூசியெல்லாம் தின்றுகொண்டு போனேன். என் பத்தியால்தான் வியாபாரம் கெட்டது என்பதை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை. பார்த்துவிடலாம்.

அல்சூர் வீட்டுக்காரர் பேர் கோதண்டபாணி. அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரோக்கியராஜ் என்னை, "நம்ம கஸ்டமர், விவேக் நகர்ல இருக்கார், நாலு வருஷமா நம்ம ஹீட்டர்தான்" என்று மட்டும் அறிமுகம் செய்தார். நான் இங்கே புனைபேரில் எழுதுகிறவன்; ஆரோக்கியராஜுக்குத் தெரிந்தது, ஹீட்டர் மாட்ட வந்தபோது நானே பீற்றிக்கொண்டதால். கோதண்டபாணிக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை.

"எப்படி சார் இருக்கு ஹீட்டரு? வெந்நி வருதா?" என்று கேட்டார்.

"நல்லா வருதுங்க. கையைச் சுடுது."

"மழையில?"

"மேகம் ரெண்டு மூணு நாள் சேர்ந்தா காயில் போட வேண்டியிருக்கும். மத்தபடி வருது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திருப்திதான். ஆரோக்கியராஜ் முகத்தில் ஒரு வெளிச்சம். பிறகு கோதண்டபாணி எழுந்து உள்ளே போனார். ஒரு ஃபைலோடு வந்தார். பிளாஸ்டிக் உறைகள் வைத்த ஃபைல். ரேஷன் கார்டு, வரி ரசீது, டெலிபோன் பில் — அதற்கெல்லாம் பிறகு ஓர் உறையில், ஓரம் கோணாமல் கத்தரித்த ஒரு பேப்பர் துண்டு.

என் பத்தி.

கடைசிப் பாராவில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

"எனக்கும் வாங்கணும்னுதான் சார் ஆசை. ஆனா இதைப் படிங்க" என்று என்னிடமே நீட்டினார். "அடுத்த பட்ஜெட்ல மானியம் வருதாம். எழுதி வச்சுக்கோங்கன்னு எழுதியிருக்கான். அவ்ளோ தைரியமா எழுதறான்னா விஷயம் தெரியாமலா எழுதுவான்?"

நான் எழுதியதை நானே படிப்பதுபோல் பாவனை செய்தேன். எழுத்துகள் கண்ணில் படவில்லை.

"இதை எழுதினவருக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன். 

"பேப்பர்ல எழுதறவங்க சார். டெல்லியில ஆள் வச்சிருப்பாங்க."

"இல்லாமயும் இருக்கலாம். சும்மா எழுதியிருக்கலாம்."

"சேச்சே. நான் இவன வருஷக்கணக்கா படிக்கிறேன். யாரையும் நம்பமாட்டான் சார். அப்படிப்பட்ட ஆளு ஒண்ணு வரும்னு சொன்னா, வரும்."

நான் ஆரோக்கியராஜைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். 'அந்த ஆளு இவர்தான் சார், இவருக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொன்னால் போதும். ஆறில் ஒன்று அந்த நிமிஷமே கிடைத்திருக்கும். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானாவது சொன்னேனா? எனக்கும் வாய் வரவில்லை. மற்றவர் பொய்யைப் புட்டுப் புட்டு வைக்கத் தெரிந்தவனுக்கு, தன் புளுகை, வீட்டுக்காரர் கொடுத்த ஒரு டம்ளர் மோருக்கு எதிரில் வைத்து ஒப்புக்கொள்ளத் தெரியவில்லை. கோதண்டபாணி பத்திரமாக என் பத்தியை உறைக்குள் போட்டார். "பட்ஜெட் வரட்டும், பார்க்கலாம்" என்றார். கும்பிடு போட்டார். கும்பிடு போடச் சொல்லியும் நான்தானே எழுதியிருந்தேன்.

வெளியே வந்து மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். 

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"அவர் வூட்ல வச்சி உங்கள எப்படி சார்... அவர் உங்க மேல அவ்ளோ நம்பிக்கை வச்சிகினு கீறாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. ஃபிலோமினா அம்மா வீட்டில் வராத வெந்நீரைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதினேன். என் வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் வந்த வெந்நீரைப் பற்றி ஒரு வரி எழுதினேனா? சந்தேகம் சரியாகப் போனால் அது விஷயம். சந்தேகம் பொய்த்துப் போனால் அது ஒன்றுமில்லை. இப்படித்தான் நான் இத்தனை வருஷம் பத்தி எழுதியிருக்கிறேன்.

மானியம் இருந்தபோது வெந்நீர் வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, கையெழுத்து வந்ததா என்று பார்த்தார்கள். மானியம் போன பிறகும் யாரும் வெந்நீரைப் பார்ப்பதில்லை, பட்ஜெட்டைப் பார்க்கிறார்கள். நடுவில் சந்தாபுராவில் ஒருவர் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மானியத்துக்காக வந்தவர்கள் மானியத்தோடு போய்விட்டார்கள், அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வெட்டு விழுந்தது போகாமல் இருந்தவர் மேல்தான். அதில் பாதி வெட்டு என்னுடையது.

"சரி, நான் என்ன பண்ணணும்? உங்க ஹீட்டர் நல்லா இருக்குன்னு எழுதணுமா?" என்றேன். கேட்கும்போதே, ஓஹோ, இதற்காகத்தான் இவ்வளவும் நடந்ததோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. பழக்கம் விடுமா?

அவர் மொபெட்டை நிறுத்திவிட்டார்.

"அய்யோ, அதெல்லாம் வேணாம் சார். என் பேரு, ஷெட்டு பேரு எதுவும் போடாதீங்க. நல்லது கெட்டது எதுவும் எழுத வேணாம். மானியம் வருமா வராதான்னு உங்களுக்குத் தெரியாது இல்ல?"

"தெரியாது."

"அத்த மட்டும் எழுதுங்க சார். தெரியாதுன்னு."

இரண்டு நாளாக இந்தப் பேப்பரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன். அரசாங்கம் பொய் சொல்கிறது என்று அரை மணி நேரத்தில் எழுதிவிடுவேன். கம்பெனிக்காரர் ஏமாற்றுகிறார் என்று காப்பி ஆறுவதற்குள் எழுதிவிடுவேன். இது வரமாட்டேன் என்கிறது. எத்தனையோ தடவை இங்கே 'யார் கண்டது?' என்று கேட்டிருக்கிறேன். 'நான் காணவில்லை' என்று ஒரு தடவையும் எழுதியதில்லை.

ஆரோக்கியராஜ் என்பது அவருடைய நிஜப் பேர் இல்லை. அவர் கேட்டுக்கொண்டபடி மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது. ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். சோலார் மானியம் அடுத்த பட்ஜெட்டில் திரும்பி வருமா? எனக்குத் தெரியாது. அன்றைக்கு எழுதியபோதும் தெரியாது.

அந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதையும் கத்தரியுங்கள். பக்கத்தில் வைக்க வேண்டாம், அதன் மேலேயே ஒட்டுங்கள்.

ஒட்டுவீர்களா என்பது... எனக்குச் சந்தேகம்தான்.